அருகே நிற்பதா, அகன்று நிற்பதா?

பிள்ளைகள் என்ன ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் அமர்ந்து கவனிப்பது அரிது. பரீட்சையில் மதிப்பெண் குறையாதவரையில், கை கால் முறியாதவரையில், எந்த ஆட்டமானாலும் சரியென்று விட்டுவிடுகிறோம். ஆனால் வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் ஞாயிறுதோறும் நடைபெறும் ஒருவகை ஆட்டம், நாம் சற்று நின்று பார்க்கத் தக்கதாகும். நான்கைந்து சிறுவர் சிறுமியர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் இன்னது செய்கிறேன்’ என்று கூறுகின்றனர். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. நாடகமும் தாயமும் கலந்தாற்போன்ற இவ்வகை ஆட்டங்களுள் முதலாவதும் பெயர் பெற்றதும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது.

இவ்வாட்டத்தில் எழும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். போர் மூளும்போது பகைவனை நெருங்கி நின்று வாளால் பொருவதா, எட்ட நின்று வில்லால் எய்வதா என்பதே அக்கேள்வி. கேட்பதற்குச் சிறு விஷயம் போலத் தோன்றும். எனினும், மேசையைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளிடையே மனத்தாங்கல் பிறப்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஒருவன் வெட்டுப்பட்டு விழ, மற்றொருவன் கீறல்கூட இல்லாமல் வீடு திரும்புகிறான். யார் முன்னே நிற்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? இதை ஆராய்வதற்கு முன்பு ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்வோம்.

ஆட்டத்தின் பிறப்பு

போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் வழக்கம் புதிதன்று. 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். அதில் வரைபடம் இருந்தது, பகடை இருந்தது, இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருந்தார். பின்னர் 1913ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். விளையாட்டுப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது.

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்னும் இருவர் ‘செயின்மெயில்’ என்ற நூலை வெளியிட்டனர். இடைக்காலப் படைகளைப் பொம்மைகளால் மோதவிடும் விதிகள் அதில் அடங்கியிருந்தன. அதுவரையில் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒரு படைக்குத் தலைவராகவே இருந்தனர். 1974ஆம் ஆண்டில் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபோது அந்த நிலை மாறியது. ஆடுபவர் இனிப் படைத்தலைவர் அல்லர். படையில் ஒரே ஓர் ஆள். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட இவ்வாட்டம் உலகெங்கும் பரவிற்று. 1980களில் அந்நாட்டுப் பெற்றோர் சிலரும் சமயக் குழுவினர் சிலரும் இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சிக் கூக்குரலிட்டதுண்டு. அந்த அச்சம் பிற்காலத்தில் தணிந்துவிட்டது. 1997ஆம் ஆண்டில் இவ்வாட்டம் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2014ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பும், 2024ஆம் ஆண்டில் அதன் திருத்திய வடிவமும் வெளிவந்தன. அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இலவசமாக வழங்குவதால், ஒரு செட் பகடையும் பென்சிலும் தாளும் இருந்தால் நம் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கிவிடலாம்.

சண்டை நடக்கும் முறை

ஆட்டத்தை அறியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு காப்பு எண் உண்டு. கவசமும் கேடயமும் நல்லனவாக இருந்தால் அவ்வெண் உயரும். உயிர்ப் புள்ளிகள் என்று மற்றொரு கணக்கும் உண்டு. தாக்குபவர் இருபது முகமுள்ள பகடையை உருட்டி, தமது திறமைக்குரிய எண்ணை அதனோடு கூட்டவேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் காப்பு எண்ணை எட்டினால் தாக்குதல் பலித்தது. பிறகு ஆயுதத்திற்குரிய பகடையை உருட்டி, எத்தனை உயிர்ப் புள்ளிகள் போயின என்று கழிப்பார்கள். சாதாரண மனிதன் தன் முறை வரும்போது 30 அடி தூரம் நடக்கலாம்; தாக்குவதை விட்டு ஓடினால் 60 அடி போகலாம். எல்லோரும் ஒருமுறை செய்து முடித்தால் ஒரு சுற்று.

கைவாளும் கோடரியும் 5 அடிக்குள் நிற்கும் எதிரியை மட்டுமே தாக்கும். நெடுவில்லோ 150 அடி வரையில் இடையூறின்றி எய்யும். 600 அடி வரையில் எய்யலாம் எனினும் குறி தவறுவது அதிகம். இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது எவன்தான் வாளை எடுப்பான் என்று வாசகர்கள் வினவக்கூடும். அதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நாமோ ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறோம். எண்களைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் விடும் பழக்கம் நமக்கில்லை.

எண்கள் சொல்வது

2014ஆம் ஆண்டு விதிப்படி முதல் நிலையில் இருக்கும் இரண்டு போர்வீரர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவன் இருகை வாள் வீரன். அவன் தாக்கும்போது பகடையோடு 5 கூட்டுவான். பலித்தால் இரண்டு ஆறுமுகப் பகடைகளும் 3உம் சேர்ந்து சராசரியாக 10 புள்ளி சேதம் விளைப்பான். மற்றவன் வில்லாளி. விற்பயிற்சி என்னும் சிறப்பை அவன் தேர்ந்துகொண்டதால் பகடையோடு 7 கூட்டுவான். பலித்தால் ஓர் எட்டுமுகப் பகடையும் 3உம் சேர்ந்து சராசரி 7.5 புள்ளி. எதிரே நிற்பது காப்லின் என்னும் குட்டிப் பூதம். அதன் காப்பு எண் 15, உயிர்ப் புள்ளி 7.

வாள் வீரனுக்கு 100க்கு 55 முறை தாக்குதல் பலிக்கும். வில்லாளிக்கு 65 முறை. ஆகவே ஒரு சுற்றுக்கு வாளின் சராசரி 5.5, வில்லின் சராசரி ஏறக்குறைய 4.9. (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிக்கும் என்ற விதியை இங்கே ஒதுக்கிவிட்டோம்.) இன்னும் ஒன்று: வாள் பட்டுவிட்டால் 36இல் 33 பங்கு அந்தப் பூதம் மாண்டுபோகும். அம்பு பட்டால் 8இல் 5 பங்குதான் மாளும். காயம்பட்ட பூதம் திருப்பித் தாக்கும். மாண்ட பூதம் தாக்காது. எனவே இந்த வேறுபாடு சிறிதன்று.

இப்போது தூரத்தைச் சேர்த்துப் பார்ப்போம். எதிரி 120 அடி தூரத்தில் ஒரு மதிலின்மேல் நிலையாக நிற்கிறான் என்று கொள்வோம். வாள் வீரன் படி வழியே இரண்டு சுற்று ஓடி மூன்றாம் சுற்றில்தான் முதல் வெட்டை வீச முடியும். ஐந்து சுற்றுகளில் அவன் கணக்கு 16.5; வில்லாளியின் கணக்கு 24.4. அதே சண்டை 30 அடி அகலமுள்ள நிலவறையில் நடந்தால், வாள் வீரன் முதல் சுற்றிலேயே வெட்டுவான். அவன் கணக்கு 27.5 ஆகிவிடும். ஆகவே ‘எது சிறந்தது?’ என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. ‘எந்த இடத்தில்?’ என்று சேர்த்துக் கேட்கவேண்டும். வெட்டவெளியும் மலைச்சரிவும் நிறைந்த கதையில் வில் ஆளும். சுரங்கமும் குறுகிய படிக்கட்டும் நிறைந்த கதையில் வாள் ஆளும்.

வில்லாளியின் கடன்

இம்மட்டோடு நின்றால் ஒவ்வொருவரும் தனித்தனியே போரிடுவதாகப் பொருள்படும். ஆனால் ஆட்டத்தில் குழுவாகவே போரிடுகின்றனர். வில்லாளியின் சௌகரியத்தில் பெரும்பகுதி பிறருடைய உழைப்பால் வருவது என்பதை விதிகளே எடுத்துக்காட்டுகின்றன.

முதலாவதாக, பகைவன் 5 அடிக்குள் வந்துவிட்டால் வில்லாளி இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டி, அவற்றுள் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். 65 ஆக இருந்த வாய்ப்பு 42 ஆகக் குறைந்துவிடும், 4.9 என்ற சராசரி 3.2க்கு இறங்கிவிடும். பகைவன் அருகே வராமல் தடுப்பவன் முன்னே நிற்கும் வாள் வீரன். அவனைத் தாண்டிப் போக முயலும் பகைவன்மீது, முறை வராதபோதும் ஒரு வெட்டு வீச அவனுக்கு உரிமையுண்டு. சுற்றுக்கு ஒரு முறைதான் என்றாலும், ஒரு வாசற்படியில் நிற்கும் வீரன் பின்னால் உள்ள நால்வரைக் காக்க அது போதும்.

இரண்டாவதாக, எய்யும் வழியில் நண்பனே நின்றாலும் அவன் உடல் எதிரிக்கு மறைப்பாகும். எதிரியின் காப்பு எண்ணில் 2 கூடும். வில்லாளி தன் சிறப்புப் பயிற்சியால் பெற்ற 2 அப்போது இருந்தும் இல்லாததாகிவிடும். அதனால் வில்லாளி ‘பின்னால் நிற்கிறேன்’ என்று ஓரிடத்தில் ஊன்றிவிடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து வழி தேட வேண்டும்.

மூன்றாவதாக, அம்புக்கு அளவுண்டு. 20 அம்பு ஒரு பொற்காசு விலை என்பது பெரிதன்று. ஆனால் சுரங்கத்தின் அடியில் கடை கிடையாது. சண்டை முடிந்த பிறகு தேடிப் பொறுக்கினால் எய்தவற்றில் பாதிதான் கிடைக்கும். கதை நடத்துபவர் இதைக் கண்டிப்பாகக் கணக்கு வைத்தால் வில்லாளிக்குச் சிக்கனம் தானே வந்துவிடும்.

கள்வன் என்னும் பாத்திரமும் இவ்வாறே. அவன் மறைந்து தாக்கினால் கூடுதல் சேதம் உண்டு. கைக்கு லாகவமான சிறு வாளாலும் செய்யலாம், வில்லாலும் செய்யலாம். ஆனால் அவன் மறைவில் இல்லாதபோது அந்தக் கூடுதல் கிடைப்பதற்குச் சாதாரண வழி, நண்பன் ஒருவன் அந்தப் பகைவனுக்கு 5 அடிக்குள் நிற்பதுதான். எட்ட நிற்பவனின் வெற்றிக்கு அருகே நிற்பவனின் துணிவு முதலாக வைக்கப்பட்டிருக்கிறது.

முன்னே நிற்பவனின் விலை

வாள் வீரன் இதற்குக் கொடுக்கும் விலை என்ன? அதையும் கூட்டிப் பார்ப்போம். இரும்பு வளையக் கவசமும் தற்காப்புப் பயிற்சியும் உள்ள இருகை வாள் வீரனின் காப்பு எண் 17; அவனுக்கு 12 உயிர்ப் புள்ளி. மூன்று குட்டிப் பூதங்கள் அவனைச் சூழ்ந்தால், ஒவ்வொன்றின் தாக்குதலும் 100க்கு 40 முறை பலித்துச் சராசரி 5.5 சேதம் செய்யும். ஒரு சுற்றுக்கு 6.6. இரண்டாம் சுற்றின் முடிவில் அவன் தரையில் கிடப்பான். வில்லாளியின் தோல் கவசத்திற்குக் காப்பு எண் 14தான். ஆயினும் அவனருகே யாரும் வராததால் அவன் மேனியில் தூசிகூடப் படிந்திராது.

பலமா, லாகவமா என்னும் தேர்விலும் வில்லாளிக்கே சலுகை அதிகம். வில்லுக்கு வேண்டிய லாகவம், அம்பு எய்வதற்கும், யார் முதலில் செயற்படுவது என்ற வரிசைக்கும், தீயும் இடியும் விழும்போது விலகுவதற்கும், மெல்லிய கவசத்தின் காப்பு எண்ணுக்கும் உதவுகிறது. வாள் வீரனின் பலமோ பெரும்பாலும் வெட்டுவதற்கும், தூக்குவதற்கும், ஏறுவதற்கும், பிடித்துத் தள்ளுவதற்கும் பயன்படும். ஆகவே கணக்கறிந்த பிள்ளைகள் எல்லோரும் வில்லையோ மந்திரக்கோலையோ எடுத்துக்கொண்டு, விவரம் அறியாத ஒருவனை முன்னே தள்ளிவிடுவதைக் காண்கிறோம்.

நம் குடியிருப்பில் நடந்ததையே சொல்லலாம். புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ஆட்டத்தில் சேர்ந்தான். உள்ளூர் மொழி அவனுக்கு இன்னும் பழகவில்லை. மூத்த பிள்ளைகள் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, “நீதான் முன்னால் நிற்க வேண்டும், தம்பி, அது சுலபம்” என்றனர். மூன்று ஞாயிறும் அவனுடைய வீரன் விழுந்தான். விழுந்தவனுக்கு வேலை யாதுமில்லை. மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் ஞாயிறு அவன் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினான்.

கதை நடத்தும் பெண் பத்தாம் வகுப்பு மாணவி. அவள் இதை ஆட்டத்தோடு மறந்துவிடவில்லை. அடுத்த வாரம் அவன் வீட்டுக்கே போய், “உனக்கு என்ன பாத்திரம் வேண்டும் என்று உன்னை யாரும் கேட்கவில்லையே! இப்போது கேட்கிறேன்” என்றாள். அவன் சற்று யோசித்து, “முன்னாலேயே நிற்கிறேன், அக்கா. ஆனால் நான் விழுந்தால் யாராவது வர வேண்டும்” என்றானாம். அவன் கேட்டது வில்லன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அன்றிலிருந்து அம்மேசையில் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டனர். கிடைத்த பொன்னில் முதற்செலவு முன்னே நிற்பவனின் கவசத்துக்கு. முழு உடல் தகட்டுக் கவசத்தின் விலை 1500 பொற்காசு; ஒருவன் பங்கைக் கொண்டு வாங்க முடியாது. இரண்டாவது, காயம் ஆற்றும் மருந்துக் குப்பி எட்ட நிற்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவது, எப்போது பின்வாங்குவது என்பதை முன்னே நிற்பவனே சொல்ல வேண்டும். சொன்னால் மறுப்பின்றி எல்லோரும் பின்வாங்க வேண்டும்.

இரண்டாவது ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டுகிறான். பத்துக்குக் குறைந்து மூன்று முறை விழுந்தால் அவன் மாண்டான். பத்தோ அதற்கு மேலோ மூன்று முறை விழுந்தால் உயிர் நிலைக்கும். இடையில் யாரேனும் குப்பி மருந்தை வாயில் ஊற்றினால் சராசரி 7 புள்ளி திரும்பப் பெற்று எழுந்துவிடுவான். 50 பொற்காசு விலையுள்ள அக்குப்பியை 150 அடிக்கு அப்பாலிருந்து எய்ய முடியாது. வில்லாளி வில்லைத் தாழ்த்தி, பகைவர் நடுவே அவனருகில் வந்துதான் ஊற்ற வேண்டும்.

நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும்

இதைப் பார்த்தபோது நம் குடும்பங்களின் நினைவு வந்தது இயல்பே. பிழைப்பை முன்னிட்டு நாம் ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்திருக்கிறோம். வயது முதிர்ந்த தாய் தந்தையருடன் ஊரில் இருப்பவர் அண்ணனோ தங்கையோ. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பதும், இரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதும், பெரியவர்களின் கோபத்தைத் தாங்குவதும் அவர்களே. நாம் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறோம். அதனால் உண்டாகும் நன்மை மெய்யானது. அம்பும் பகைவனை வீழ்த்தத்தான் செய்கிறது. ஆயினும், ‘நான்தான் அனுப்பினேனே’ என்று நாம் சொல்லும்போது அருகே நிற்பவருக்கு மனம் நோவதன் காரணமும் மெய்யானதே. மருந்து வாங்கப் பணம் தொலைவிலிருந்து வரும். ஊட்டுவதற்கு ஒரு கை பக்கத்தில் வேண்டும். கையில் பாஸ் இருந்தும் லீவு கிடைக்கவில்லை என்று நாம் சொல்லும் ஆண்டுகள் சில உண்டு. அவற்றுள் எத்தனை ஆண்டு உண்மையாகவே லீவு கிடைக்காதவை என்பதை அவரவர் தனியே எண்ணிப் பார்க்கலாம்.

பழங்கதைகளும் இதை அறிந்தே இருந்தன. பாரதத்தில் அபிமன்யு சக்கர வியூகத்தைப் பிளந்து உள்ளே போனான். பின்னே வருவதாகச் சொன்ன பெரியவர்களை ஜயத்ரதன் வாயிலில் தடுத்துவிட்டான். அபிமன்யு தனியே நின்று மாண்டான். முன்னே அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் பின்தொடர முடியாமற்போனது. வரலாற்றிலும் ஒரு சம்பவம் உண்டு. 1415ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அஜின்கோர்ட் சேற்று நிலத்தில் ஐந்தாம் ஹென்றியின் வில்லாளிகள் முதலில் அம்பு மாரி பொழிந்தனர். பின்னர் கோடரியும் சம்மட்டியும் குத்துவாளும் ஏந்தித் தாமே கைகலப்பில் இறங்கினர். அகன்று நின்று போரைத் தொடங்கியவர்கள் அருகே வந்து அதை முடித்தார்கள்.

எதைத் தேர்ந்துகொள்வது?

நிற்க. ஆடத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பகடை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் சில குறிப்புகளைக் கூறி முடிப்போம்.

முதலில், கதை எங்கே நடக்கப் போகிறது என்று நடத்துபவரைக் கேட்க வேண்டும். காடும் வெளியுமாயின் வில்லுக்கு வேலை அதிகம், நிலவறையாயின் வாளுக்கு. அடுத்து, மற்றவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நால்வரும் வில்லெடுத்தால் வாசற்படியில் நிற்க ஆளில்லை. நால்வரும் வாளெடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் நின்று எய்பவனை என்ன செய்வது?

இரண்டில் ஒன்றை எடுத்ததனால் மற்றொன்றை முற்றிலும் துறக்க வேண்டுவதில்லை. பலமுள்ள வீரன் நான்கைந்து எறியீட்டிகளை முதுகில் கட்டிக்கொள்ளலாம். அவை 30 அடி வரையில் நன்றாகப் பாயும். வாளுக்கு உதவும் அதே பலம் அவற்றுக்கும் உதவும். லாகவமுள்ள வில்லாளி இடையில் ஒரு குறுவாளைச் செருகிக்கொண்டால், பகைவன் அருகே வந்தபோது திகைக்க வேண்டியிராது. முன்னே நிற்க விருப்பம், ஆனால் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர் இருகை வாளை விட்டுக் கேடயமும் ஒருகை வாளும் எடுக்கலாம். தற்காப்புப் பயிற்சிக்குப் பதில் ஒருகை வாட்பயிற்சியைக் கொண்டால் சுற்றுக்குச் சராசரி 5.5 என்பது 5.2 ஆகத்தான் குறையும். காப்பு எண் 18 ஆகிவிடுவதால் பூதத்தின் தாக்குதல் 100க்கு 35 முறைதான் பலிக்கும்.

வேறு ஆட்டங்களில் நிலைமை வேறு. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிராவலர்’ விண்வெளிப் பயணக் கதை. துப்பாக்கிகள் வழங்கும் அங்கே திறந்த வெளியில் கத்தியோடு ஓடுபவன் புத்திசாலியல்லன். 1981ஆம் ஆண்டில் வந்த ‘கால் ஆஃப் கதூலு’வில் எதிர்ப்படும் பயங்கரங்களுக்கு முன் வாளும் துப்பாக்கியும் பெரிதும் பயன்படா, ஓடித் தப்புவதே பெரும்பாலும் நல்ல யோசனை. எந்த ஆட்டமானாலும் அதன் விதிகளைப் படித்துவிட்டு ஆயுதத்தை எடுப்பது நலம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பிள்ளை எங்கே நிற்பது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். இளையவன் என்பதற்காகவோ, புதிதாக வந்தவன் என்பதற்காகவோ, மொழி தெரியாதவன் என்பதற்காகவோ ஒருவனை முன்னே நிறுத்துவது முறையன்று. தானே விரும்பி முன்னே நிற்பவனுக்குக் கவசமும், மருந்தும், பின்வாங்கச் சொல்லும் உரிமையும் மற்றவர்கள் கொடுத்தாக வேண்டும். எட்ட நிற்பவர்கள் அம்புகளை எண்ணுவதோடு, முன்னே நிற்பவனின் உயிர்ப் புள்ளிகளையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்பர்கள் ஒரு ஞாயிறு மாலை தங்கள் வீட்டு மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து இவ்வாட்டத்தைப் பார்க்க வேண்டுகிறோம். பாதியில் எழுந்து போகாமல் பாருங்கள். முதல் அரைமணி நேரம் ஒன்றும் விளங்காது. பிறகு, உங்கள் பிள்ளை யாருக்குப் பின்னால் நிற்கிறான், விழுந்தவனருகே முதலில் ஓடுபவர் யார் என்பது தெரியவரும். மதிப்பெண் பட்டியலில் அச்செய்திகள் வருவதில்லை.